மூளையிடம் கேட்ட வினா

பல கோடிக் கல் தொலைவிலுள்ள விண்மீன்களின் வெப்பத்தையும் எடையையும் கணக்கிட்டுக் கூறும் மனிதன், தன் இரு செவிகளுக்கும் இடையே அமைந்த ஒரு பொருளின் தொழிலை அறியமாட்டாமல் நெடுங்காலம் இடர்ப்பட்டான். அப்பொருள் மூளை. அதன் எடை ஏறத்தாழ 1,400 கிராம். உடலின் எடையில் ஐம்பதில் ஒரு பங்கே ஆகும். ஆயினும், உடல் ஓய்ந்திருக்கும்பொழுது செலவாகும் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கை அது தானே பெற்றுக்கொள்கிறது. ஏறத்தாழ 8,600 கோடி நரம்பணுக்கள் அதனுள் பின்னிக் கிடக்கின்றன. இதயம் துடிப்பதைக் கைவைத்து அறியலாம். மார்பு விரிந்து சுருங்குவதைக் கண்ணால் காணலாம். மூளையோ ஓசையின்றி, எலும்புப் பெட்டிக்குள் அடங்கி வேலை செய்கிறது. அப்பெட்டியைத் திறந்து பார்த்தாலும் எண்ணம் எதுவும் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. பேசாத இவ்வுறுப்பைப் பேசவைப்பது எப்படி என்பதே அறிஞர்களை வாட்டிய வினா.

பாரிஸ் நகரை அடுத்த பிசேத்ர் மருத்துவமனையில், 1861-ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில், லெபோர்ன் என்னும் நோயாளி ஒருவர் அறுவை மருத்துவராகிய பால் புரோக்காவிடம் கொண்டுவரப்பட்டார். லெபோர்ன் இருபது ஆண்டுகளுக்கு மேலாக அம்மருத்துவமனையிலேயே வாழ்ந்தவர். பிறர் கூறுவதைப் பெரும்பாலும் உணர்ந்துகொள்வார். கையசைத்துக் குறிப்புக் காட்டுவார். ஆனால் வாய் திறந்தால் ‘டான்’ என்னும் ஓரசையே வெளிவரும். எவ்வினாவிற்கும் அதுவே விடை. ஆதலால் அங்குள்ளோர் அவரை ‘டான்’ என்றே அழைத்தனர். சில நாட்களில் அவர் உயிர் துறந்தார். புரோக்கா அவருடைய மூளையை எடுத்து ஆராய்ந்து, இடப்பக்கத்து முன்பகுதியில் ஓரிடம் சிதைந்திருக்கக் கண்டார். பேச்சை உருவாக்குவதற்கு அப்பகுதி இன்றியமையாதது என்னும் கொள்கை அன்று பிறந்தது. அவ்விடம் இன்றும் ‘புரோக்கா பகுதி’ என வழங்குகிறது.

இம்முறையின் வலிமை பெரிது. ஓர் உறுப்புக் கெட்டவுடன் ஒரு தொழிலும் கெடுமானால், அவ்விரண்டிற்கும் தொடர்பு உண்டு என்பது தெளிவு. ஆனால் அதன் குறையும் பெரிது. ஆராய்ச்சியாளர் நோயாளியின் இறப்புக்காகக் காத்திருத்தல் வேண்டும். மேலும், நோய் எவருடைய விருப்பத்தையும் கேட்டு வருவதில்லை. தான் விரும்பிய இடத்தில் விரும்பிய அளவு அழித்துச் செல்கிறது. பாரிஸில் பாதுகாக்கப்பட்டிருந்த லெபோர்னின் மூளையைப் பிற்காலத்து அறிஞர்கள் புதிய படக்கருவியில் வைத்து நோக்கி, 2007-ஆம் ஆண்டில் தம் முடிவை வெளியிட்டனர். புரோக்கா மேற்புறத்தில் கண்ட சிதைவு மூளையின் ஆழத்திலும் பரவியிருந்தது! அவர் அம்மூளையை வெட்டிப் பாராமல் முழுமையாகவே காத்து வைத்தமையால்தான் இவ்வுண்மை வெளிப்பட்டது.

உயிரோடு இருக்கும் மனிதரிடத்திலேயே மூளையின் செயலைக் காணவேண்டும் என முயன்றவருள் முற்பட்டவர் இத்தாலிய நாட்டு டூரின் நகரத்து அறிஞர் ஆஞ்செலோ மொஸ்ஸோ. பெர்ட்டினோ என்னும் உழவர் ஒருவர் தலையில் அடிபட்டு, மண்டையோட்டில் ஒரு துளையோடு உயிர் பிழைத்திருந்தார். அத்துளையின் வழியாக மூளையின் துடிப்பை அளந்து, சுழலும் தாளில் கோடாகப் பதிவுசெய்தார் மொஸ்ஸோ. ஒருநாள் நண்பகலில் மாதா கோயில் மணி ஒலித்தது. உடனே மூளையின் துடிப்பு உயர்ந்தது. “மணியோசை உமக்கு வழிபாட்டை நினைவூட்டியதா?” என்று மொஸ்ஸோ வினவினார். “ஆம்” என்றார் உழவர். பின்னர், எட்டையும் பன்னிரண்டையும் பெருக்குமாறு பணித்தபொழுதும் துடிப்பு உயர்ந்தது. இங்கே போற்றத்தக்கது ஒன்று உண்டு. மொஸ்ஸோ மூளையை மட்டும் அளந்து மகிழ்ந்துவிடவில்லை. முன்கையில் ஓடும் குருதியையும் உடன் அளந்தார். கையில் அத்தகைய மாறுதல் இல்லை. ஆகவே இஃது உடல் முழுவதும் எழுந்த படபடப்பு அன்று, மூளைக்கே உரிய மாறுதல் என அவர் கொண்டார். மூளை வேலை செய்யும்பொழுது அதற்குக் குருதி மிகுதியாகப் பாய்கிறது என்னும் கருத்து இவ்வாறு தோன்றியது. 1890-ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜ் நகரில் ராய், செர்ரிங்டன் என்னும் இருவர் விலங்குகளிடத்து ஆராய்ந்து இக்கருத்திற்கு வலுவூட்டினர்.

குருதியை விடுத்து மின்சாரத்தைத் தேடியவர் செர்மானிய மருத்துவர் ஹான்ஸ் பெர்கர். இளமையில் படைப்பயிற்சியின்போது அவர் குதிரையிலிருந்து வீழ்ந்து, பீரங்கி வண்டியின் சக்கரத்திற்கு இரையாகாமல் தப்பினார். அன்று மாலையே அவர் நலத்தை வினவி வீட்டிலிருந்து தந்தி வந்தது. அவருக்கு ஏதோ தீங்கு நேர்ந்தது எனத் தொலைவில் இருந்த உடன்பிறந்தாள் அஞ்சியதே அதற்குக் காரணம். ஒரு மனத்தின் அச்சம் வேறொரு மனத்தை எட்டக்கூடுமோ என்னும் ஐயம் பெர்கரை வாழ்நாள் முழுவதும் விடவில்லை. அவர் தேடிய அந்த ஆற்றல் கிடைக்கவில்லை, கிடைத்தது வேறொன்று. யேனா நகரில் 1924-ஆம் ஆண்டில், மனிதத் தலையிலிருந்து எழும் நுண்ணிய மின்னலைகளை அவர் முதன்முதலாகப் பதிவுசெய்தார். அவற்றின் அளவு ஒரு வோல்ட்டின் பத்து இலட்சத்தில் சில கூறுகளே. தம் கருவியையே ஐயுற்று ஐந்தாண்டுகள் மீண்டும் மீண்டும் சோதித்தபின், 1929-இல் அதனை வெளியிட்டார். கண்களை மூடி அமைதியாக இருப்போரிடத்தில் நொடிக்குப் பத்து என்னும் அளவில் அலைகள் எழுந்தன. கண் திறந்தவுடன் அவை அடங்கின. பலர் இதனை நம்பவில்லை. 1934-இல் கேம்பிரிட்ஜ் அறிஞர் இருவர் தாமும் செய்து காட்டிய பின்னரே உலகம் ஒப்புக்கொண்டது. இன்று மருத்துவமனைகளில் ஈ. ஈ. ஜி. என வழங்குவது இம்முறையே.

மின்னலைப் பதிவு ஆயிரத்தில் ஒரு நொடியில் நிகழும் மாற்றத்தையும் காட்டவல்லது. ஆனால் அம்மாற்றம் எவ்விடத்தில் நிகழ்ந்தது என்பதைத் தெளிவாகக் காட்டாது. திருவிழாக் கூட்டத்தின் ஆரவாரத்தை மதிலுக்கு வெளியே நின்று கேட்பவன், ஆரவாரம் எப்பொழுது எழுந்தது எனச் சொல்லுவான். எவர் குரல் கொடுத்தார் எனச் சொல்லுதல் அவனுக்கு இயலாது. மண்டையோடு அத்தகைய மதில்.

இடத்தை அறிய மீண்டும் குருதியே துணைபுரிந்தது. குருதிக்குச் செந்நிறம் தரும் ஹீமோகுளோபின் என்னும் பொருள் பிராணவாயுவைச் சுமந்து செல்வது. பிராணவாயுவைச் சுமந்திருக்கும் ஹீமோகுளோபினைக் காந்தம் ஈர்ப்பதில்லை. அதனை இழந்த ஹீமோகுளோபினைச் சிறிது ஈர்க்கிறது. லைனஸ் பாலிங், கோரியெல் என்னும் வேதியியல் அறிஞர்கள் இதனை 1936-ஆம் ஆண்டிலேயே கண்டனர். மூளை ஆராய்ச்சிக்கு இது பயன்படும் என அன்று எவர் எண்ணியிருப்பர்? அரை நூற்றாண்டு கழித்து, அமெரிக்காவில் பெல் ஆராய்ச்சி நிலையத்தில் பணிபுரிந்த சப்பானிய அறிஞர் செய்ஜி ஒகாவா, இவ்வேறுபாட்டைப் படமாகப் பிடிக்கலாம் என 1990-இல் எலிகளின் மூளையில் காட்டினார். 1992-இல் மனித மூளையிலும் அது கைகூடியது. மருத்துவமனைகளில் எம். ஆர். ஐ. என வழங்கும் காந்தப் படக்கருவியே இதற்கும் பயன்பட்டது. மூளையின் அமைப்பை மட்டுமன்றிச் செயலையும் காட்டுவதால் இதனைச் ‘செயல்நிலைப் படமுறை’ எனலாம்.

அதன் இயல்பை ஓர் உவமையால் விளக்கலாம். வாடிய வயலுக்கு மடையைத் திறந்துவிட்டால், பயிர் உறிஞ்சும் அளவைக் காட்டிலும் மிகுதியான நீர் வந்து பாய்கிறது. மூளையிலும் அவ்வாறே. வேலை செய்யும் பகுதி தனக்குத் தேவையான அளவினும் மிகுதியாகப் பிராணவாயு நிறைந்த குருதியைப் பெறுகிறது. காந்தத்தால் ஈர்க்கப்படும் பொருள் அங்கே குறைகிறது. அதனால் கருவிக்கு எட்டும் குறி சிறிது ஓங்குகிறது. சோதனைக்கு உட்படுபவர் ஒரு குழாய் போன்ற கருவிக்குள் தலையை அசைக்காமல் படுத்திருக்கவேண்டும். பேரொலி காதைத் துளைக்கும். அங்குள்ள காந்தத்தின் வலிமை நிலவுலகின் காந்த வலிமையைப்போலப் பல்லாயிரம் மடங்கு ஆகும். ஆதலால் சாவிக்கொத்தோ கத்தரிக்கோலோ அவ்வறைக்குள் செல்லுதல் ஆகாது.

இக்கருவி மூளையைச் சிறு சிறு கனசதுரங்களாகப் பிரித்து அளக்கிறது. ஒரு கனசதுரத்தின் பக்கம் ஏறத்தாழ 3 மில்லிமீட்டர். மிகச் சிறிது எனத் தோன்றும். ஆனால் அதனுள் பல இலட்சம் நரம்பணுக்கள் அடங்கும். குருதி பாய்ந்து உச்சநிலை அடைவதற்கு ஐந்தாறு நொடிகள் செல்லும். எண்ணமோ அதற்குள் எங்கெங்கோ சென்று மீண்டுவிடும். குறியில் உண்டாகும் மாறுதலும் நூற்றுக்கு ஒன்றிரண்டு அளவினதே. செய்தித்தாள்களில் வெளிவரும் மூளைப்படங்களில் செந்நிறமும் மஞ்சள்நிறமும் தீப்போல ஒளிர்வதைப் பலர் கண்டிருப்பர். மூளைக்குள் அவ்வாறு எதுவும் ஒளிர்வதில்லை. கணக்கிட்டு முடித்தபின் ஆராய்ச்சியாளர் தீட்டும் வண்ணமே அது. கருவி காண்பது குருதியை, எண்ணத்தை அன்று. குருதியிலிருந்து எண்ணத்தை ஊகித்து அறிவது மனிதனின் வேலை.

அவ்வூகத்திற்கு அடிப்படையானது கழித்தல் கணக்கு. நெய் விற்பவன் பாத்திரத்தோடு நெய்யை நிறுத்து, வெறும் பாத்திரத்தின் எடையைக் கழித்து, நெய்யின் எடையைக் கூறுவான். அதுபோலவே, சொற்களைப் படிப்பதற்குரிய பகுதியை அறிய விரும்புவோர், முதலில் சொற்களைக் காட்டிப் படமெடுப்பர். பின்னர் எழுத்தைப் போன்று தோன்றினும் பொருளற்ற கிறுக்கல்களைக் காட்டிப் படமெடுப்பர். கண்ணால் காணுதல் இரண்டிற்கும் பொது. ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தால் எஞ்சுவது படித்தல் என்க. எதனைக் கழிப்பது என்னும் தேர்விலேதான் ஆராய்ச்சியாளரின் அறிவு வெளிப்படுகிறது. கருவியின் விலையில் அன்று. எனினும் மனம் நெய்ப்பாத்திரம் போன்றதன்று. பொருளுள்ள சொல்லைக் காணும்பொழுது ஒருவர் கூர்ந்து நோக்குவார். கிறுக்கலைக் காணும்பொழுது சலிப்படைவார். அச்சலிப்பும் கழித்தல் கணக்கில் புகுந்துவிடும்.

வேறொரு பிழையும் உண்டு. மூளையின் ஆழத்தில் வாதுமைக் கொட்டை வடிவில் ஒரு பகுதி உள்ளது. அச்சம் எழும்பொழுது அது வினைப்படுகிறது. ஆகவே, ஒருவரின் படத்தில் அப்பகுதி வினைப்பட்டிருக்கக் கண்டு, “இவர் அஞ்சுகிறார்” எனக் கூறிவிடலாமா? கூடாது. மகிழ்ச்சியிலும் புதுமையைக் காணும் வியப்பிலும்கூட அது வினைப்படும். அடுத்த வீட்டுச் சமையற்கட்டில் விளக்கு எரிவதைக் கண்டு, அடுப்பில் கொதிப்பது இன்ன குழம்பு எனக் கூறுபவனை எவர் நம்புவர்?

இவற்றினும் கொடியது தற்செயலாக நேரும் பிழை. அமெரிக்க ஆராய்ச்சியாளர் கிரெய்க் பென்னெட்டும் அவர் தோழரும் 2009-ஆம் ஆண்டில் ஒரு மாநாட்டில் வெளியிட்ட சோதனை இதனை நன்கு விளக்கும். கடையில் வாங்கிய சால்மன் மீன் ஒன்றை அவர்கள் படக்கருவிக்குள் வைத்தனர். மனிதர்கள் பலவகை மெய்ப்பாடுகளோடு தோன்றும் படங்களை அதற்குக் காட்டி, “இவர்கள் எவ்வுணர்ச்சியில் இருக்கின்றனர்?” என முறைப்படி வினவினர். மீனோ இறந்த மீன்! ஆயினும் அக்காலத்தில் பலரும் கையாண்ட எளிய கணக்குமுறையால் ஆராய்ந்தபொழுது, மீனின் மூளையில் சில கனசதுரங்கள் வினைப்பட்டனவாகத் தோன்றின.

எவ்வாறு? ஆயிரத்து இருபத்து நான்கு மாணவர் ஆளுக்கு ஒரு நாணயத்தைப் பத்து முறை சுண்டினால், அவருள் ஏறத்தாழ ஒருவருக்குப் பத்து முறையும் தலையே விழும். அவருக்கு நாணயத்தை ஆளும் மந்திரம் கைவந்துவிட்டது என எவரும் கூறார். சுண்டியவர் தொகை மிகுதி, அவ்வளவே. ஆயிரத்தில் ஒரு முறை தற்செயலாக நேரக்கூடிய மாறுதலை மெய்யென ஏற்பது என்று விதித்துக்கொண்டு, ஒரு இலட்சம் கனசதுரங்களை ஆராய்ந்தால், ஒன்றும் நிகழாத இடத்திலும் நூறு கனசதுரங்கள் வினைப்பட்டனபோலக் காட்சிதரும். இத்தொகையைக் கருதிக் கணக்கைத் திருத்தியவுடன் மீனின் ‘எண்ணங்கள்’ மறைந்தன. சிரிக்கவைத்துப் பின் சிந்திக்கவைக்கும் ஆராய்ச்சிகளுக்கென வழங்கும் இக் நோபெல் பரிசு 2012-இல் இதற்குக் கிடைத்தது. அச்சிரிப்பு வீண்போகவில்லை, திருத்திய கணக்கே இன்று முறையாயிற்று.

இறந்த மீனிடத்தில் இல்லாத எண்ணத்தைக் காண்பது நகைப்பிற்கு உரியது. உயிருள்ள மனிதரிடத்தில் இருக்கும் எண்ணத்தைக் காணத் தவறுவது நகைப்பிற்கு உரியதன்று. தலையில் பேரடி பட்டோருள் சிலர் உயிர் பிழைத்தும் நினைவு பெறுவதில்லை. உறங்குவர்; விழிப்பர்; கண்கள் திறந்திருக்கும். ஆனால் அழைத்தால் திரும்பார். கையைப் பற்றி அழுத்தச் சொன்னால் அழுத்தார். தாயும் தந்தையும் கட்டிலருகே அமர்ந்து நாள்தோறும் பேசுவர். அப்பேச்சு உள்ளே செல்கிறதா என்பதற்கு எவ்வகைச் சான்றும் இல்லை.

சாலை விபத்தில் அடிபட்டு ஐந்து திங்களாக அந்நிலையில் கிடந்த 23 வயதுப் பெண் ஒருவரை, இங்கிலாந்தில் ஏட்ரியன் ஓவன் என்பவரும் அவர் குழுவினரும் படக்கருவியில் வைத்துச் சோதித்தனர். “டென்னிஸ் ஆடுவதாகக் கற்பனை செய்க” என அவர் செவியில் கூறினர். பிறிதொரு முறை, “உம் வீட்டின் அறைகளில் ஒவ்வொன்றாக நடந்து செல்வதாகக் கற்பனை செய்க” என்றனர். இவ்விரண்டையும் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. ஆடுவதாக எண்ணும்பொழுது உடலசைவைத் திட்டமிடும் பகுதி வினைப்படும்; வீட்டில் நடப்பதாக எண்ணும்பொழுது இடமறியும் பகுதிகள் வினைப்படும். அவை மூளையில் தனித்தனி இடத்தில் உள்ளன. அப்பெண்ணிடத்தில், நல்ல உடல்நலம் உடையோரிடத்தில் காண்பது போலவே, ஒவ்வோர் ஆணைக்கும் உரிய பகுதி வினைப்பட்டது. இச்செய்தி 2006-ஆம் ஆண்டில் வெளிவந்தபொழுது மருத்துவ உலகம் திடுக்கிட்டது.

உடனே மறுப்பும் எழுந்தது; எழவேண்டியதே. டென்னிஸ் என்னும் சொல்லைக் கேட்ட அளவில் மூளை தானாகவே வினைப்பட்டிருக்கக்கூடாதா? தானாக எழும் எதிரொலி சில நொடிகளில் அடங்கிவிடும். அப்பெண்ணிடத்திலோ, ஓய்க எனக் கூறும்வரை முப்பது நொடிகள் அச்செயல் நீடித்தது. கற்பனை செய்யுமாறு பணிக்காமல் அச்சொல் அமைந்த வாக்கியத்தை மட்டும் கூறியபொழுது, நல்ல நினைவுடைய ஒருவரிடத்திலும் அத்தகைய நீடித்த செயல் எழவில்லை என்பதும் பின்னர்க் காட்டப்பட்டது. இங்கும் உறுதி தந்தது படம் அன்று. படத்தோடு வைத்து ஒப்பிட்ட மற்றொரு படம்.

அதன்பின் இச்சோதனை பல நாடுகளில் பரவியது. நினைவு இழந்தோரும் நினைவு மிகக் குறைந்தோருமாகிய 54 நோயாளிகளை ஆராய்ந்ததில், ஐவர் ஆணைக்கேற்ப மூளையை இயக்கினர் என 2010-இல் ஓர் ஆய்வு கூறியது. 2024-இல் வெளியான பெரியதோர் ஆய்வில், சொன்னதைச் செய்யாத 241 நோயாளிகளுள் 60 பேர் உள்ளுக்குள் ஆணையை நிறைவேற்றினர் எனத் தெரிந்தது. நால்வரில் ஒருவர் என்க. அதில் காந்தப் படத்தோடு பெர்கரின் மின்னலைப் பதிவும் பயன்பட்டது. எஞ்சிய மூவருக்கும் நினைவு இல்லை என்று முடிவுகட்டுவதற்கும் இடமில்லை. உடல்நலமும் நினைவும் உடையோருள்ளும் சிலரிடத்தில் இக்குறி தெளிவாகப் புலப்படுவதில்லை. குறி உண்டெனில் நினைவு உண்டு. குறி இல்லையெனில் ஒன்றும் சொல்வதற்கில்லை.

2010-ஆம் ஆண்டின் ஆய்வில், சாலை விபத்து நேர்ந்து ஐந்தாண்டுகள் கழிந்த இளைஞர் ஒருவர் இருந்தார். பெல்ஜிய நாட்டில் அவரைக் கருவிக்குள் வைத்து, “விடை ஆம் எனில் டென்னிஸ் ஆட்டத்தை எண்ணுக, இல்லை எனில் வீட்டை எண்ணுக” என்று உணர்த்தினர். பின்னர், தந்தையின் பெயர் இன்னதா, உடன்பிறந்தார் உண்டா என்பன போன்ற ஆறு வினாக்களை வினவினர். ஐந்து வினாக்களுக்குப் படம் காட்டிய விடைகள் சரியானவை எனக் குடும்பத்தார் அளித்த செய்தியால் உறுதிப்பட்டது. ஆறாவது வினாவின்பொழுது ஆட்டத்திற்குரிய பகுதியும் வினைப்படவில்லை. வீட்டிற்குரிய பகுதியும் வினைப்படவில்லை. அவர் உறங்கிவிட்டாரா, வினா செவியில் விழவில்லையா, நினைவு தப்பியதா, அன்றி விடைகூற விருப்பமின்றி வாளா இருந்தாரா என்பதை அக்கருவியால் கூற இயலவில்லை.